வண்டியை எண்ணியாச்சு, தண்ணியை யார் எண்ணுறது?

சித்திரை பொறந்துட்டா எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணே, கொடைக்கானலுக்கு இ-பாஸ் கிடைக்குமா? ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு சொல்றாங்களே, எதுக்கு இப்படிக் கெடுபிடி?" சென்னையில இருந்து, கோயமுத்தூர்ல இருந்து, நான் எழுதுறதைப் படிக்கிறவங்கதான் கேட்குறாங்க. பாஸ் எடுத்துக் குடுக்குற ஆள் நான் இல்லை. ஆனா இந்தக் கெடுபிடியைப் பத்தி மேல்மலைக்காரன் ஒருத்தன் என்ன நினைக்கிறான்னு ஒரு தடவை எழுதி வச்சிட்டா, போன்ல சொல்ற வேலை மிச்சம்.

முதல்ல ஊர் விவரம். கொடைக்கானல்னா உங்களுக்கு ஏரி, ஏழு ரோடு, கோக்கர்ஸ் வாக், தூண்பாறை. அதைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கூக்கால், கிளாவரைன்னு போற ஊருகளை நாங்க மேல்மலைன்னு சொல்லுவோம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கீழ்மலை. அவங்களுக்குக் காப்பி, மிளகு, மலைவாழை. எங்களுக்குப் பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். எங்க பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ரெண்டு மலைக்கும் நடுவுல இருக்குற டவுன்ல ஜனத்தொகை 2011 கணக்குப்படி 36,000 சொச்சம்தான். இந்த எண்ணை மனசுல வச்சுக்குங்க.

2024 மே 7-ஆம் தேதியில இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. முதல்ல கேட்டவங்களுக்கெல்லாம் பாஸ் கிடைச்சது. எத்தனை வண்டி வருதுன்னு கணக்குத் தெரிஞ்சுக்கத்தான் அது. 2025-ல எண்ணிக்கையும் வச்சுட்டாங்க. ஏப்ரல் 1-ல இருந்து ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வாரநாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000. உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் விவசாய விளைபொருள் ஏத்துற வண்டிக்கும் விலக்கு உண்டு. இந்த மலை எவ்வளவுதான் தாங்கும்னு பார்த்துச் சொல்லச் சொல்லி சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் ரெண்டு இடத்துலயும் ஒப்படைச்சிருக்காங்க.

பாஸ் முறை எனக்குச் சம்மதம். அதுக்கு முந்தின காலத்துல மே மாசச் சனிக்கிழமைன்னா எங்களுக்கு எப்படி இருக்கும்னு கேளுங்க. காலையில பறிச்ச பீன்ஸை மூட்டை கட்டி மத்தியானம் வண்டியில ஏத்துவோம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகணும். பூம்பாறையில இருந்து டவுன் 20 கிலோமீட்டருக்குள்ளதான். ஆனா டவுனுக்குள்ள நுழைஞ்சு மூஞ்சிக்கல்லைத் தாண்டுறதுக்கே மூணு மணி நேரம் ஆயிரும். வெயில்ல நின்ன பீன்ஸ் துவண்டு போயிருக்கும். சந்தையில ஒடிச்சுப் பார்க்குறவன் ஒடியலைன்னா விலையை இறக்கிருவான். இது காய்க்கு. பிரசவத்துக்குப் போற 108 வண்டியும் அதே வரிசையிலதான் நிக்கும். அதனால வண்டியைக் குறைக்கிறதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

லாட்ஜ்காரங்க, குதிரை ஓட்டுறவங்க, டாக்சிக்காரங்க, சாக்லேட் கடைக்காரங்க எதிர்க்கிறாங்க. அவங்க வயிறு அது. மூணு மாச சீசன் வருமானத்துல வருஷம் பூரா ஓட்டுறவங்க. அவங்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. வண்டிக்கு நாலு பேருன்னு வச்சாலும் 6,000 வண்டிக்கு 24,000 பேரு. ஊர்ல இருக்குறது 36,000 பேரு. எல்லாரும் தங்குறது இல்லை, சரி. ஆனா எல்லாரும் தண்ணி குடிப்பாங்க, எல்லாரும் கக்கூஸ் போவாங்க. இத்தனைக்கும் இது குறைச்ச கணக்கு.

என் பிரச்சனை வேற. நாம வண்டியை மட்டும்தான் எண்ணுறோம். காமக்காபட்டி சாவடியில பாஸைக் காட்டி, பாட்டில் இருக்கான்னு பார்த்து, மேல விட்டாச்சுன்னா மலையைக் காப்பாத்திட்டோம்னு ஒரு திருப்தி எல்லாருக்கும் வந்துருது. உள்ள வந்ததுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு எண்ணுறதுக்கு ஆள் இல்லை.

பாட்டிலையே எடுத்துக்குவோம். எனக்குத் தெரிஞ்சு இந்த மலையில உருப்படியா நடந்த காரியத்துல ஒண்ணு, டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைக் குடுத்தா திருப்பித் தர்றது. இதுவும் கோர்ட்டு சொல்லி வந்ததுதான். காட்டுல குடிச்சுட்டு உடைச்சுப் போட்ட பாட்டில் யானை காலைக் கிழிக்குதுன்னு வழக்கு. 2022 மே மாசம் நீலகிரியில ஆரம்பிச்சாங்க, அப்புறம் கொடைக்கானல், ஏற்காடுன்னு மத்த மலைகளுக்கும் வந்துச்சு.

யானைக்கு மட்டும் இல்லைங்க, எங்களுக்கும் அதே கதைதான். ரோட்டோரத்துல இருக்குற படிக்கட்டு நிலத்துக்காரனைக் கேட்டா தெரியும். மேல ரோட்டுல காரை நிறுத்தி, பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு பாட்டிலைக் காலி பண்ணி, அதைக் கீழ எறிஞ்சு சத்தம் கேட்குறதுல ஒரு சந்தோஷம் சில பேருக்கு. அது வந்து விழுறது பூண்டுப் பாத்தியில. களை எடுக்குற பொம்பளைங்க மண்ணுக்குள்ள விரலை விட்டுத்தான் எடுப்பாங்க. கையுறை போட்டுக்கிட்டுப் பூண்டுக்குக் களை எடுக்க முடியாது, நாத்தும் சேர்ந்து வந்துரும். பத்து ரூபாய் வந்த பிறகு எங்க ஊர்ல ஒரு வயசான ஆத்தா சாக்கை எடுத்துக்கிட்டு ரோட்டோரமா நடக்க ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அதுகிட்ட இருக்குற காசு என்கிட்ட இருக்காது. பாட்டில் கண்ணுல படுறதே குறைஞ்சு போச்சு.

இதுல போலீஸ் கிடையாது, விழிப்புணர்வு ஊர்வலம் கிடையாது, பள்ளிக்கூடப் பிள்ளைங்களை வெயில்ல பதாகை தூக்க வச்சு நிக்க வைக்கிறது கிடையாது. எறிஞ்சவனுக்குப் பத்து ரூபாய் நட்டம், எடுத்தவனுக்குப் பத்து ரூபாய் லாபம்.

இப்போ தண்ணி பாட்டிலுக்கு வாங்க. அஞ்சு லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வந்தா பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரின்னு கொடைக்கானல்ல வச்சாங்க. நல்ல எண்ணந்தான். ஆனா வரியும் திருப்பித் தர்ற காசும் ஒண்ணு இல்லை. 20 ரூபாய் கட்டினவன் மனசுல என்ன ஓடும்? "அதான் காசு குடுத்தாச்சே." எறிஞ்சாலும் அவனுக்கு நட்டம் இல்லை, பொறுக்கினாலும் எவனுக்கும் லாபம் இல்லை. அந்த ஆத்தா சாக்குல பிளாஸ்டிக் பாட்டிலைப் போடுறதில்லை, கவனிச்சிருக்கேன். அதே 20 ரூபாயை வாங்கிட்டு, இறங்கும்போது காலி பாட்டிலைக் காட்டினா திருப்பித் தர்றோம்னு சொல்லிப் பாருங்க. சிப்ஸ் கவருக்கும் அஞ்சு ரூபாய் வச்சுப் பாருங்க. தமிழ்நாடு பூரா 2019 ஜனவரி 1-ல இருந்து ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை இருக்கு. நீலகிரியில அதுக்கும் ரொம்ப முன்னாடி, 2000-ஆம் வருஷத்தை ஒட்டியே, சுப்ரியா சாஹு அம்மா கலெக்டரா இருந்தப்போ பிளாஸ்டிக்கை ஒழிக்க இறங்கி வேலை பார்த்தாங்க. தடை மட்டும் போதும்னா இன்னைக்கு நாம இதைப் பேசிக்கிட்டு இருக்க வேண்டியதே இல்லையே.

அப்புறம், பொறுக்கினது எல்லாம் எங்க போகுது? டவுன் குப்பை பிரகாசபுரம் கிடங்குக்குப் போகுது. அதுக்குக் கீழ டைகர் சோலைக் காடு. மலையில குப்பைக் கிடங்கு வைக்கிறதுல ஒரு சங்கடம் என்னன்னா, எங்க வச்சாலும் அதுக்குக் கீழ ஏதோ ஒரு ஓடை இருக்கும். சமவெளியில குப்பை மேடு இருந்தா அந்த ஊருக்கு நாத்தம். மலையில இருந்தா மழைத் தண்ணி அதைக் கழுவிக்கிட்டுக் கீழ எல்லா ஊருக்கும் கொண்டுபோகும்.

வெள்ளி அருவின்னு மலை ஏறும்போது எல்லாரும் இறங்கிப் படம் எடுப்பீங்களே, அந்தத் தண்ணி எங்க இருந்து வருது தெரியுமா? கொடைக்கானல் ஏரியோட வடிகால் அது. ஏரியும் சாமி படைச்ச ஏரி இல்லை. 1863-ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்சுன்னு ஒரு வெள்ளைக்காரர் ஓடைகளை மறிச்சுக் கட்ட வச்சது. கிண்ணத்துக்கு நடுவுல இருக்குற மாதிரி ஏரி, சுத்தி மேட்டுல லாட்ஜும் வீடும். மேட்டுல விடுறது எல்லாம் எந்தப் பக்கம் உருளும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுங்க, முகம் கழுவாதீங்க.

சாவடியில எண்ணுறது மட்டும் போதாதுன்னு நான் சொல்றதுக்கு இந்த மலையில ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 1980-கள்ல டவுனுக்கு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்துச்சு. அமெரிக்காவுல, நியூயார்க் மாநிலத்துல, வாட்டர்டவுன்னு ஒரு ஊர்ல ஓடிக்கிட்டிருந்த ஆலையை மூடி, மெஷினுகளைக் கழட்டி இங்க கொண்டுவந்து மாட்டினாங்க. பாதரசம் வெளிநாட்டுல இருந்து வரும். செஞ்ச தெர்மாமீட்டர் திரும்பவும் வெளிநாட்டுக்கே போகும். இங்க தங்கினது சம்பளமும் உடைசலும். அந்தக் காலத்துல அங்க வேலை கிடைச்சா அதிர்ஷ்டம்னு பேச்சு. குளிருக்குச் சொந்தமான ஊர், சுத்தமான காத்து, நல்ல கம்பெனி, அப்புறம் என்ன வேணும்?

2001 மார்ச்ல மூஞ்சிக்கல்லுல ஒரு பழைய சாமான் கடையில பாதரசம் ஒட்டின கண்ணாடி உடைசல் டன் கணக்குல கிடக்குறதை ஊர்க்காரங்களும் கிரீன்பீஸ்காரங்களும் பழனி மலைகள் பாதுகாப்பு கவுன்சில்காரங்களும் சேர்ந்து வெளிய கொண்டுவந்தாங்க. ஜனங்க ஊர்வலமாப் போனாங்க. அந்த வருஷத்தோட ஆலை நின்னுச்சு. 2003-ல சுமார் 290 டன் கழிவை அள்ளி, கப்பல் ஏத்தி, அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க. நம்ம நாட்டுல இருந்து குப்பை அங்கிட்டுப் போனது நான் கேள்விப்பட்டவரைக்கும் அதுதான். வேலை பார்த்த 591 பேருக்குப் பணம் தர ஒப்பந்தம் போட்டது 2016-ல. பதினஞ்சு வருஷம். மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் பண்ணினா போதும்னு அதுக்கப்புறமும் வாக்குவாதம் ஓயலை.

அந்த ஆலை இருந்த மேட்டுக்குக் கீழ பாம்பார் சோலை. பாம்பாறு இறங்கித்தான் பெரியகுளம் பக்கத்துல கும்பக்கரை அருவியா விழுது. ஆடி மாசம் குடும்பத்தோட போய்க் குளிக்கிறோமே, அதேதான்.

அந்த ஆலையை எந்தச் சாவடியும் தடுக்கலைங்கிறதை யோசிச்சுப் பாருங்க. லைசென்ஸ் வாங்கி, லாரியில ஏத்தி, முறைப்படி மேல வந்த சாமான் அது. கண்டுபிடிச்சது உள்ளூர்ல கண்ணைத் திறந்து வச்சிருந்த மனுஷங்க. கவுன்சில்னு சொன்னேனே, அது 1985-ல ஆரம்பிச்சது. அதுல இருந்தவங்கள்ல பல பேரு டவுன்காரங்க, படிச்சவங்க. எங்க மேல்மலைக்காரங்களுக்கும் அவங்களுக்கும் எப்பவும் ஒத்துப்போச்சுன்னு சொல்ல மாட்டேன். "காட்டுமாடு வந்து பீன்ஸைத் தின்னா அது இயற்கை, நான் விரட்டினா அது குத்தமா"ன்னு நம்மாளுங்க கேட்டதுண்டு. ஆனா அவங்க செஞ்சதை மறக்கக் கூடாது. 1990-கள்ல டவுன்ல ஒரு ஹோட்டல், ரெண்டு மாடிக்கு மேல கூடாதுங்கிற இடத்துல ஏழு மாடி எழுப்புச்சு. அதை எதிர்த்து வழக்குப் போட்டது இந்தக் குழுதான். விதியைத் தளர்த்திக் குடுத்த விவகாரம் அரசியல் வழக்காகி, 2000 பிப்ரவரியில தீர்ப்பு வந்த அன்னைக்குத்தான் தருமபுரியில பஸ்ஸைக் கொளுத்தினாங்க. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துப் பொண்ணுங்க மூணு பேரு செத்துப்போனாங்க. தீர்ப்பு அடுத்த வருஷம் மேல்முறையீட்டுல மாறிருச்சு. அந்தப் பிள்ளைங்க வரப்போறதில்லை. விவசாயம் படிக்க வந்த பிள்ளைங்க. கொடைக்கானல்ல அஞ்சு மாடி கூடுதலாக் கட்டினதுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னைக்கும் எனக்கு மனசு ஆறாது.

அதுக்கு அப்புறமாவது கட்டடம் நின்னுச்சா? 2019 வாக்குல கோர்ட்டு உத்தரவு போட்டு நூத்துக்கணக்கான கட்டடங்களுக்குச் சீல் வச்சாங்க. அப்போ எல்லாரும் கேட்ட கேள்வி, ஒரு ராத்திரியில முளைச்சதா இதெல்லாம்? மலையிடப் பாதுகாப்பு ஆணையம்னு ஒண்ணு 1990-லயே போட்டாச்சு. எங்க ஊருகள்ல ஜேசிபி ஓட்டணும்னா, போர் போடணும்னா அனுமதி வேணும். சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. 6,000 வண்டின்னு வாசல்ல எண்ணத் தெரிஞ்ச நமக்கு, மலையில மொத்தம் எத்தனை ரூம் இருக்கு, ஒரு ரூமுக்கு நாளைக்கு எத்தனை குடம் தண்ணி, அது எந்த ஊத்துல இருந்து வருதுன்னு எண்ண முடியாதா?

ரூம்தான் எல்லாத்துக்கும் அடி. வண்டி வரும், போயிரும். ரூம் கட்டினா கட்டினதுதான். அதை நிரப்ப வண்டி வந்தே ஆகணும், அதுக்குத் தண்ணி வந்தே ஆகணும்.

தண்ணியைப் பத்திச் சொல்றேன், இது உங்களுக்கும் சேர்த்துத்தான். பழனி மலைத் தண்ணி ரெண்டு பக்கமும் இறங்குது. வடக்கே பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறுன்னு இறங்கி பழனி வட்டாரத்துக்குப் பாயுது. தெற்கே மஞ்சளாறு, வராகநதி, பாம்பாறு இறங்கி வைகைக்குப் போகுது. பேரிஜம் ஏரித் தண்ணியைக் குடிக்கிறது பெரியகுளம். வைகைத் தண்ணியைக் குடிக்கிறது மதுரை. பழனிக்கு மொட்டை போட வர்றவன் குளிக்கிற தண்ணியும் எங்க மேட்டுல பெஞ்ச மழைதான். இதனாலதான், "கொடைக்கானலைக் காப்பாத்துங்க"ன்னு யாராவது எங்களுக்குப் புத்தி சொன்னா எனக்குச் சிரிப்பு வருது. நாங்க மேட்டுல இருக்கோம், முதல் தண்ணி எங்களுக்குத்தான். கெட்டா கடைசி வரைக்கும் கெட்டதைக் குடிக்கப்போறது கீழ இருக்குறவங்க.

மழையைப் பிடிச்சு வைக்கிறது சோலையும் புல்வெளியும். பள்ளத்துல சோலை, மேட்டுல புல்லு, இப்படித்தான் இந்த மலையோட அமைப்பு. மாசிக்குப் பிறகும் ஓடையில தண்ணி கசியுதுன்னா அந்தப் புல்லுக்கு அடியில ஊறி வர்றதுதான். வெள்ளைக்காரன் காலத்துல விறகுக்குன்னு வாட்டில் வச்சாங்க. நீலகிரியில இதைச் சீகை மரம்பாங்க. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடப் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும்னு வாட்டில், யூகலிப்டஸ், பைன்னு மேடு மேடா நட்டாங்க. புல்லு நிலத்தைத் தரிசுன்னு எழுதி வச்சா நடத்தானே தோணும். 1973-ல இருந்து 2014 வரைக்கும் செயற்கைக்கோள் படத்தை வச்சுப் பார்த்த ஒரு ஆய்வு 2018-ல வந்துச்சு. பழனி மலையில இருந்த புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு போயிருச்சுன்னு அதுல இருக்கு. மரத் தோட்டமும் விவசாயமும் சேர்ந்து பிடிச்ச இடம். விவசாயத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்காங்க, அதை மறைச்சு நான் எழுதினா நல்லா இருக்காது.

பைன் காட்டுல நீங்க எல்லாரும் போட்டோ எடுக்குறீங்க. சினிமாக்காரங்களுக்கும் பிடிச்ச இடம். அழகுதான், இல்லைன்னு சொல்லலை. அடியில குனிஞ்சு பாருங்க, புல்லு முளைச்சிருக்கான்னு.

வாட்டிலை எல்லாம் வெட்டிப் போட்டுட்டா புல்லு வந்துருமான்னா, அதுவும் இல்லை. விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும். ஒரு மரத்தைச் சாய்ச்சு வெயில் பட்டுச்சுன்னா நூறு கன்னு கிளம்பும். வட்டக்கானல்ல பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர்னு ரெண்டு வெள்ளைக்காரங்க சோலை நாத்து வளர்த்துக்கிட்டு இருந்தாங்க. பழைய வாட்டில், பைன் நிழல்ல சோலைக் கன்னு தானா வருது, அவசரப்பட்டு மொத்தமா மொட்டையடிக்காதீங்கன்னு அவங்க சொன்னாங்க. எங்க பக்கத்துலயும் அப்படி வர்றதை நான் பார்த்திருக்கேன். புல்வெளியில புதுசாப் பரவுற கன்னைக் கையால பிடுங்கிக்கிட்டே இருக்கணும். 2022-ல தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே கொண்டு வந்திருக்கு. அதுக்குத் தேவை ஆளு, கூலி, பத்து இருபது வருஷம். பசுமை வரிக் காசு எங்க போகணும்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். மேல்மலை ஊருகள்ல சீசன் இல்லாத மாசத்துல வேலை இல்லாம இருக்குற பிள்ளைங்களுக்கு வாட்டில் கன்னு பிடுங்குறதுக்குக் கூலி குடுங்க. எந்த ஓடை மேட்டுல எவ்வளவு செலவாச்சுன்னு ஊர்ச் சாவடியில போர்டு எழுதி மாட்டுங்க. பாட்டில் பொறுக்குற ஆத்தாவுக்கு இருக்குற அதே கணக்கு இங்கயும் வேலை செய்யும்.

இல்லைன்னா என்ன ஆகும்னும் சொல்லிடுறேன். போன தை மாசம் ஒரு புரோக்கர் வந்தார். என் நிலத்துல ரோட்டை ஒட்டின 40 சென்ட் மட்டும் போதுமாம். "அண்ணே, நீங்க பூண்டு போட்டு இருபது வருஷத்துல பார்க்குறதை ஒரே நாள்ல பார்த்துரலாம். இங்க இருந்து வியூ சும்மா அள்ளுது." நான் அந்த நிலத்துல நின்னு வியூ பார்த்ததே இல்லை, குனிஞ்சுதான் நின்னிருக்கேன். குடுக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆனா மேல பக்கத்து நிலம் போன வருஷமே காட்டேஜ் ஆயிருச்சு. ஓடையில மோட்டார் வச்சு இழுக்குறாங்க. பங்குனி கடைசி வரைக்கும் என் வயலுக்கு வந்த தண்ணி இந்த வருஷம் பங்குனி பத்துலயே நின்னு போச்சு. பூண்டு காய் பிடிக்கிற நேரம் அது. இப்படி ரெண்டு வருஷம் போனா அந்தப் புரோக்கர் திரும்ப வரும்போது நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியலை. எம் மவன் ஏற்கனவே கணக்குப் போட ஆரம்பிச்சுட்டான், அவனையும் குத்தம் சொல்ல முடியலை.

நிலத்தைத் திறந்த நிலமா வச்சிருக்குறவனுக்கு ஒண்ணும் கிடையாது, மூடிக் காங்கிரீட் போட்டவனுக்கு லட்சக்கணக்குல வருமானம். இந்தக் கணக்கு மாறாத வரைக்கும் சாவடியில 6,000-ஐ 3,000 ஆக்கினாலும் மலை மாறாது. ரூமுக்கு ஒரு உச்சவரம்பு வைக்கணும். அவனவன் கழிவை அவனவன் சுத்திகரிச்ச பிறகுதான் லைசென்ஸ் புதுப்பிக்கணும். ஓடைத் தண்ணியில முதல் பங்கு வெள்ளாமைக்கும் குடிக்கிறதுக்கும்னு எழுதி வைக்கணும். இதைச் செய்யறதுக்கு ஐஐடி அறிக்கை வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு அவசியம் இல்லை, ஊராட்சித் தீர்மானத்துல இருந்தே தொடங்கலாம். நாங்க சில பேரு அடுத்த கிராம சபையில இதைக் கொண்டுவரப் போறோம். காட்டேஜ்காரங்களும் அதே கூட்டத்துல உட்கார்ந்திருப்பாங்க, பார்ப்போம்.

நீங்க வராதீங்கன்னு நான் சொல்லலை. வாங்க. சீசன்ல வராம ஆவணி, புரட்டாசியில வாங்க, மழை நின்ன மறுநாள் மலை நல்லா இருக்கும், ரூமும் வாடகை குறைச்சல். குறிஞ்சி பார்க்கணும்னா 2030 வரைக்கும் பொறுக்கணும். முடிஞ்சா வத்தலக்குண்டுல காரை விட்டுட்டு பஸ்ல ஏறுங்க. பெரிய கேன்ல தண்ணி கொண்டு வாங்க.

ரூம் போடுறதுக்கு முன்னாடி போன்ல வைஃபை இருக்கா, கேம்ப் ஃபயர் இருக்கான்னு கேட்குறீங்க இல்லை, அதோட ரெண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்க. குழாயில வர்ற தண்ணி எங்க இருந்து வருது? கக்கூஸ் தண்ணி எங்க போகுது? பாதிப் பேரு போனை மாத்திக் குடுப்பாங்க, மீதிப் பேரு லாரித் தண்ணின்னு சொல்லுவாங்க. ரெண்டுக்கும் நேரா பதில் சொல்ற இடம் டவுன்ல ஒண்ணு ரெண்டு இருக்கு. அங்க தங்குங்க.